ஹோட்டல் அறையில் நான் வைத்த விருந்து

என் தங்கை வெளிநாட்டில் நர்ஸ் வேலை பார்த்தவள். வேலை முடிந்தும் பிள்ளைகளோடு அங்கேயே இருந்துவிட்டாள். இந்த வருஷம் ஊருக்கு வருகிறேன் என்று அவள் போனில் சொன்ன அன்றைக்கே என் மைனி, அதாவது எங்கள் அண்ணன் மனைவி, எனக்குப் போன் போட்டுவிட்டாள்.

"அவளுக்குக் கால் முட்டு மடங்காதுட்டி. உன் வீட்டுல எப்படிக் கிடப்பா? இங்க நம்ம வீட்டுல இருந்துக்கிடட்டும்" என்றாள்.

மைனி சொன்னதில் பொய் கிடையாது. இராஜாக்கமங்கலம் பக்கத்தில் என் வீடு நல்ல வீடுதான். நானும் அவரும் பாடுபட்டுக் கட்டியது. எந்த மழைக்கும் ஓர் ஓடு ஒழுகியதில்லை. ஆனால் கக்கூஸ் பின்முற்றத்தில் இருக்கிறது. படி இறங்கிப் போகவேண்டும், குத்தவைத்து உட்காரவேண்டும். மைனி வீட்டில் நாற்காலி போல உட்காரும் கக்கூஸ் உண்டு. அப்படி ஒன்று இருப்பதை அவள் யாரிடமும் சொல்லாமல் விட்டதும் இல்லை.

தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். பகலில் வந்து ஒரு காப்பி குடித்துவிட்டுப் போவதை விருந்து என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ராத்திரி தங்கி, காலையில் நான் விளம்புவதைச் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஒரே ஒரு ராத்திரியாவது அவள் என் விருந்தாளியாக இருக்காமல் திரும்பிப் போனால், என்னால் மைனி முகத்தில் விழிக்க முடியாது.

சென்னையில் இருக்கும் என் மகளிடம் சொல்லி வருத்தப்பட்டேன்.

"இதுக்கா அம்மா வருத்தப்படுத? என் ஹோட்டல் கார்டுல வருஷத்துக்கு ஒரு ராத்திரி சும்மா கிடைக்கும். இந்த வருஷத்துது இன்னும் எடுக்கல்ல. கன்னியாகுமரியில கடல் பாத்து ஒரு ஹோட்டல் உண்டு. லிப்டு உண்டு, வெஸ்டர்ன் உண்டு. உன் பேருல போடட்டா?"

"சும்மாவா? யாரு செய்யுத தர்மம் அது?"

"தர்மம் எங்க வந்தது? அந்தக் கார்டுக்கு வருஷா வருஷம் நான் பணம் கட்டுதேன். அதுக்குத் தாற ராத்திரி இது. நாம எடுக்கல்லன்னா லாபம் அவனுக்குத்தான்."

நம் பணத்தை வாங்கிவிட்டு இன்னொருவன் லாபம் பார்ப்பதா? அந்த ஒரு பேச்சிலேயே சரி என்றுவிட்டேன்.

பிறகுதான் அவள் எச்சரிக்கை சொன்னாள். அறையும் இரண்டு பேருக்குக் காலைச் சாப்பாடும் மட்டும்தான் இலவசம். பிரிட்ஜில் இருக்கும் கடலைப் பாக்கெட்டைப் பிரித்தாலும் துட்டு, துணியை வெளுக்கப் போட்டாலும் துட்டு. "போன வருஷம் நாங்க ரெண்டு பேரும் போயி, அறைதான் சும்மாவாச்சேன்னு ராத்திரி சாப்பாடு, எண்ணெய்த் தேய்ப்பு, அது இதுன்னு வாங்கினோம். கடைசியில ஒரு அறை வாடகைக்கு மேல போச்சு. அவிய இப்பவும் சொல்லிக் காட்டுவாவ."

மருமகன் வாயில் நானும் விழவேண்டுமா? ஒரு ரூபாய் மேலே வராது என்று மகளிடம் சொன்னேன்.

துட்டைப் பிடித்துச் செலவு செய்வது எனக்குப் புதிதில்லை. மனதைக் குடைந்தது வேறொன்று. வந்த விருந்தாளியிடம் இதைத் தொடாதே, அதைத் தின்னாதே என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. எங்கள் ஊரில் யாருக்கும் வராது. யோசித்துப் பார்த்து, அவள் ஹோட்டலுக்கு வருவதற்கு முன்பே நான் போய்ச் சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

தங்கை ஊருக்கு வந்து மைனி வீட்டில் இறங்கினாள். ஹோட்டலுக்குப் போகிற அன்றைக்குக் காலையிலேயே மரச்சீனிக்கிழங்கை அவித்துத் தேங்காய் போட்டு மசித்து மயக்கினேன். சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். இரண்டையும் தூக்குவாளியில் அடைத்தேன். வாழையிலை இரண்டு, முந்திரிக்கொத்துப் பலகாரம் ஒரு டப்பா. பிறத்தியார் இடத்தில் போய்த் தங்கும்போது வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா? பஸ்ஸில் தூக்குவாளியை மடியை விட்டு இறக்கவில்லை.

ஹோட்டல் வாசலில் சட்டை மடிப்புக் கலையாமல் நின்ற ஒருவர் வாளியை வாங்கக் கை நீட்டினார். வேண்டாம் என்றுவிட்டேன். உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு பிள்ளை இருந்தாள். பேச்சைக் கேட்டதுமே நம்ம பக்கம் என்று தெரிந்தது. கேட்டேன். மணவாளக்குறிச்சியாம்.

"உங்க பேங்க் கார்டு ஒண்ணு தாங்கோ அம்மா. இல்லேன்னா அட்வான்ஸ் கட்டுங்கோ. மேற்கொண்டு எதாவது வாங்கினா அதுல பிடிச்சிக்கிடுவோம்."

"மேற்கொண்டு வாங்க ஒண்ணும் இல்ல மக்களே."

"அப்பம் அறைக் கணக்குல எதையும் போட முடியாது. வாங்கினா அப்பமே ரூவா கொடுக்கணும்."

"அதுதான் எனக்கும் வேணும். கணக்கைப் பூட்டிப் போடு. பிரிட்ஜுக்குள்ள இருக்குத துட்டுச் சாமானத்தையும் எடுத்து மாத்திரு."

"அது எதுக்கும்மா?"

"விருந்து வருது. எடுத்துத் திங்காதேன்னு நான் எப்படிச் சொல்ல?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க அம்மையும் இப்படியேதான்" என்றாள். தூக்குவாளியையும் நான் மறைக்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு என்று சொன்னேன். "அறைக்குள்ள வாடை அடைஞ்சிரும். பால்கனியில வச்சுச் சாப்பிடுங்கோ, இலையை நல்லா கட்டிப் போடுங்கோ" என்றாள். வருகிறவளுக்கு முட்டு வலி என்றதும் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, லிப்டுக்குப் பக்கத்திலேயே கடலைப் பார்த்த பெரிய அறை ஒன்றைத் தந்தாள். கார்டுக்காரர்களுக்கு நல்ல அறை ஒழிவாக இருந்தால் கூடுதல் பணமில்லாமல் மாற்றித் தருவார்களாம். கேட்டால்தான் தருவார்களாம். அப்படியானால் இன்னொன்றும் கேட்போம் என்று, மறுநாள் மத்தியானம் வரைக்கும் இருந்துகொள்ளட்டுமா என்றேன். அதற்கும் சரி என்றாள். நான் எழுத்துக் கூட்டித் தமிழில் பேரெழுதி முடிக்கும் வரை பேனாவின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக நின்றாள்.

சாயங்காலம் அண்ணன் காரில் தங்கை வந்து இறங்கினாள். அறைக்குள் வந்ததும் நேராகக் குளிமுறிக்கு, உட்காரும் கக்கூஸைப் பார்க்கத்தான் போனாள். வெளியே வரும்போது முகம் தெளிந்திருந்தது.

"கொள்ளாம்க்கா. ராஜா மாதிரி இருக்கலாம்."

"ராணின்னு சொல்லு."

பிரிட்ஜைத் திறந்தாள். "என்னக்கா, வெறும் பெட்டியா இருக்கு?"

"குடிக்க வெள்ளம் இருக்கு பாரு" என்றேன். தண்ணீர் மட்டும் இலவசம் என்று கேட்டு வைத்திருந்தேன்.

பஸ் அலுப்புத் தீர நான் குளிக்கப் போனேன். குளித்துவிட்டு வந்தால் அவள் கட்டிலில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருக்கிறாள்.

"அக்கா, வறுத்த மீனு ரெண்டு பிளேட் சொன்னேன். முதல்ல ரூவா தரணுமாம். நம்ம அறைக் கணக்கைப் பூட்டிப் போட்டிருக்காம். எவன் பூட்டினான்?"

"நான்தான்."

"நீயா?" போனைக் காதிலிருந்து எடுத்தாள். "நான் திங்கக் கூடாதுன்னா பூட்டினே?"

எந்தச் சொல்லுக்குப் பயந்து காலையிலிருந்து ஓடியாடினேனோ, அது அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. அதற்குள் அவள் கைப்பையை இழுத்துத் திறந்துவிட்டாள்.

"சரி விடு, நான் கொடுக்கேன்."

"பையில கை வச்சியானா நான் இப்பமே பஸ்ஸு ஏறிருவேன்."

"ஏறிக்கோ. நீ போனா நான் கட்டில்ல காலை நீட்டிப் படுத்துக்கிடுவேன்."

"ஏட்டி, என் விருந்தாளி துட்டு எடுத்து மீனு வாங்கித் திங்கவா உன்னை நான் வரச் சொன்னேன்? அங்க பாரு."

தூக்குவாளியை மேசையில் வைத்துத் திறந்தேன். சாளைக் குழம்பு வாடை அறையெல்லாம் ஏறியது. அவள் எட்டிப் பார்த்தாள். பிறகு போனை மறுபடி காதில் வைத்து, "தம்பி, மீனு வேண்டாம். இங்க மீனு வந்தாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"இதை வச்சுக்கிட்டா வாயத் திறக்காம இருந்தே?"

"குளிச்சிட்டு வந்து விளம்பலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உனக்குப் பொறுக்கல்ல."

பால்கனியில் சின்ன மேசையை இழுத்துப் போட்டு இலை விரித்தோம். ஜெபம் பண்ணும்போதே அவள் ஒரு கண்ணைத் திறந்து மரச்சீனியைப் பார்த்ததை நான் கண்டேன். நான் கண்டதற்குக் காரணம், நானும் ஒரு கண்ணைத் திறந்திருந்தேன்.

சாப்பிடும்போது கார்டு விஷயம் முழுவதையும் சொன்னேன். ஒளிக்க அதில் என்ன இருக்கிறது?

"அப்பம் இது ஓசி ராத்திரி" என்றாள், முள்ளை ஒதுக்கிக்கொண்டே.

"என் மக பணம் கட்டின கார்டு. என் அடுப்புல வச்ச கறி. இதுல எங்கட்டி ஓசி?"

"கறிக்கு நான் ஒண்ணும் சொல்லல்ல. இன்னும் கொஞ்சம் ஊத்து."

காலையில் கீழே சாப்பாட்டு ஹாலுக்குப் போனோம். வரிசையாகப் பாத்திரங்களை மூடி வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். தங்கையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நானே போய்ப் போய் எடுத்துவந்தேன். அப்பமும் தேங்காய்ப் பாலும், பிறகு அவித்த ஏத்தன் வாழைப்பழம், பிறகு இட்லி. அவள் சாப்பிட நான் பக்கத்தில் நின்றேன். விருந்தாளி கை கழுவின பிறகுதான் வீட்டுக்காரி உட்கார வேண்டும். அடுப்பு அவர்களுடையது என்றாலும் விளம்புகிற கை என்னுடையதல்லவா?

பரிமாறும் ஆள் ஒருவர் வந்து, "அம்மா, இங்க வேலைக்கு நாங்க இருக்கோம். நீங்க உட்காருங்க" என்றார். நான் கேட்பதாக இல்லை. தங்கைதான் கடைசியில் மிரட்டினாள். "இன்னும் நின்னியானா நானும் எழும்பி நிப்பேன். பிறகு முட்டுக்கு நீதான் எண்ணெய் தேய்ச்சு விடணும்." உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கு உள்ள சாப்பாட்டில் ஒருவர் பங்கை விட்டால் அதுவும் அவனுக்கு லாபம் என்பது அப்போதுதான் நினைவு வந்தது. நன்றாகவே சாப்பிட்டேன்.

மத்தியானம் வரை கடலைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். இறங்கும்போது மேசைக்காரப் பிள்ளை ஒரு தாளை நீட்டினாள். தங்கை கைப்பையோடு முன்னே வந்தாள்.

"கட்ட ஒண்ணும் இல்லம்மா" என்றாள் அந்தப் பிள்ளை, என்னைப் பார்த்து.

முந்திரிக்கொத்து டப்பாவை அவளிடம் கொடுத்தேன். வாங்கலாமா என்று அவள் இங்கும் அங்கும் பார்த்தாள். தங்கிய வீட்டில் கொடுப்பது இது, வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்றேன். வாங்கிக்கொண்டாள்.

வாசலில் அண்ணன் காருக்காகக் காத்து நின்றபோது மைனியிடமிருந்து தங்கைக்குப் போன் வந்தது. மத்தியானம் என்ன சமைக்க என்று மைனி கேட்பது எனக்கும் கேட்டது.

"ஒண்ணும் சமைக்காதிங்கோ மைனி" என்றாள் தங்கை. "அக்கா வீட்டுல திங்க வச்சே கொன்னுட்டா. ராத்திரிக்குக் கஞ்சி போதும்."

நான் காலி வாளியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு, கார் வருகிறதா என்று பார்த்தேன்.