மில்லில் மட்டும் கேட்ட காது

லுன்சு சந்தை மாவுமில்லில் வேலை பார்த்த ஸியோனேவுக்குக் காது சரியாகக் கேட்காது என்று முப்பத்தாறு வயது வரை யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. டீசல் இன்ஜின் ஓடும்போது எல்லோரும் தொண்டை கிழியக் கத்துவார்கள். மற்றவர்கள் காதில் விழாமல் கையை ஆட்டிச் சைகை காட்டுகையில், இவள் குனிந்தபடியே சோளத்தைக் கொட்டிக்கொண்டு எல்லோருக்கும் பதில் சொல்வாள்.

வெளியில்தான் வம்பு. வழியில் வணக்கம் சொன்னவர்களைத் தாண்டிப் போய்விடுவாள். வீட்டில் புருஷன் பிஸ்விக் கேட்டதற்குப் பதில் வராது. பேசினால் குரல் தணிந்திருக்கும். தன் குரல் தன் மண்டைக்குள் கணீரென்று ஒலித்ததால் அதற்கு மேல் உரக்கப் பேச அவளுக்குத் தோன்றவில்லை. திமிர் பிடித்தவள் என்று ஊர் முடிவு கட்டியது. சின்ன வயதிலிருந்து இரண்டு காதிலும் சீழ் வடிவதை யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு நக்குமாவின் மகள் காய்ச்சலில் இறந்துபோனாள். துக்க வீட்டில் நக்குமா மெல்லத் தண்ணீர் கேட்டாள். அருகில் உட்கார்ந்திருந்த ஸியோனே அசையவில்லை. நாத்தனார் எலுபிக்குப் பொறுக்கவில்லை.

"மில்லுல ஈ பறந்தாக்கூடக் கேக்குது. இவ கேட்டா மட்டும் காது அடைச்சுக்குதா, அண்ணி?"

அதுவும் ஸியோனேவுக்குப் பாதிதான் கேட்டது. சுற்றியிருந்த முகங்களைப் பார்த்து மீதியைப் புரிந்துகொண்டாள். தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. மறுநாள் பிஸ்விக்கின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அவனோடு சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

காது பார்க்கும் மன்கம்பேரா, கவை போன்ற ஓர் இரும்பைத் தட்டி அவள் காதருகே பிடித்தார். லேசாகக் கேட்டது. அதன் அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்ததும் தெளிவாகக் கேட்டது.

"நரம்பு நல்லா இருக்கும்மா. சத்தம் உள்ள போற வழியிலதான் கோளாறு. ரெண்டு பக்கமும் காது ஜவ்வுல ஓட்டை."

அப்படியென்றால் மில்லில் எப்படிக் கேட்கிறது என்று பிஸ்விக் கேட்டான். இன்ஜின் இரைச்சலும் இவளுக்குள் குறைவாகத்தான் போகிறது, ஆட்களோ கத்துகிறார்கள், அதனால்தான் என்றார் அவர்.

அன்று சாயங்காலமே ஸியோனே நக்குமாவிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா கத்தியே கேட்டிருப்பேனே," என்றாள் நக்குமா.

"எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

காதில் எண்ணெய் விடக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, பஞ்சுத் திரியால் ஒற்றிவிட்டுச் சொட்டு மருந்து விட வேண்டும் என்று மன்கம்பேரா சொல்லியிருந்தார். மூன்று மாதம் சீழ் இல்லாமல் காய்ந்திருந்த பிறகு, பிளாண்டையர் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வலது காதுக்கு அறுவை செய்தார்கள். காதுக்குப் பின்னால் தசையைப் போர்த்தியிருக்கும் உறையில் ஒரு துண்டெடுத்து ஓட்டையை மூடினார்கள். சில வாரங்களுக்கு மூக்கைக்கூடப் பலமாகச் சிந்தக் கூடாது என்றார்கள்.

ஒட்டு பிடித்துக்கொண்டது. முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. பாத்திரம் வைக்கும் சத்தம், தகரக் கூரையில் கிளை உரசும் சத்தம், எலுபி வேலிக்கு அப்பால் தன்னைப் பற்றிப் பேசுவது, எல்லாம் கேட்டது. மில் இரைச்சலைத் தாங்க முடியாமல் காதுறை வாங்கி மாட்டிக்கொண்டாள். பிஸ்விக் தூக்கத்தில் பாடுவான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இடது காது அறுவைக்கும் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள்.