எண்பதுக்கு மேல் ஓட்டாதே

அந்தச் சக்கரத்தின் பக்கவாட்டில் மஞ்சள் நிறத்தில் இங்கிலீஷில் எழுதியிருந்தது: தற்காலிகமாக மட்டும், எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டாதே. மாமாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். அதை அவர் காரில் மாட்டியவனும் நான்தான்.

மாமா என் அக்காவின் கணவர், பசியாவரம் என்ற மீனவர் ஊர்க்காரர். அங்கே ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு ஒரு டிராவல்ஸ் முதலாளியிடம் டிரைவராகச் சேர்ந்தார். தினமும் காலையில் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலையாட்களை ஏற்றிப் போவார். வழியில்தான் என் பஞ்சர் கடை. ஒருநாள் பின் டயரின் பக்கச்சுவர் கல்லில் கிழிந்த வண்டியோடு வந்து நின்றார். அங்கே கிழிந்தால் ஒட்ட முடியாது. டிக்கியிலிருந்த ஸ்டெப்னியை மாட்டினேன். அந்த மாதிரிக் காரில் ஸ்டெப்னி மற்ற டயர்களைப் போல இருக்காது. அகலம் குறைவு, ரப்பர் மெல்லிசு, காற்று மட்டும் ஏறக்குறைய இரண்டு பங்கு வைக்க வேண்டும். டயர் கடை வரை போய்ச் சேரத்தான் அது. ஈரத்தில் மற்ற மூன்றும் பிடிக்கிற இடத்தில் அது வழுக்கும். முதலாளிக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். "ஓடுதில்ல? அப்புறம் இன்னா?" என்று போனை வைத்துவிட்டார்.

இருபத்திரண்டு நாள் அந்த ஒல்லிச் சக்கரம் என் கடையைத் தாண்டிப் போனது. புது டயர் ஏன் மாட்டவில்லை என்று மாமாவை நிறுத்திக் கேட்டேன். "நானும் கேட்டுக்கினுதான்டா கீறேன். ரொம்பக் கேட்டா வண்டிய வேற ஆளுகிட்ட குட்த்துடுவேன்றாரு" என்றார்.

இருபத்திரண்டாவது நாள் மழை. ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது காட்டூர் பக்கம் மாடு குறுக்கே வந்தது. பிரேக் போட்டதும் வண்டியின் பின்பக்கம் சுழன்று பனைமரத்தில் மோதியது. மாமாவுக்கு இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரிக்கு எட்டிப்பார்க்காத முதலாளி, டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்று ஸ்டேஷனில் சொல்லியிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போய் இன்ஸ்பெக்டரை வண்டியருகே அழைத்து வந்து மஞ்சள் எழுத்தைக் காட்டினேன். "மாட்டினதே இவன்தான் சார்" என்றார் கூடவே வந்த முதலாளி. ஆமாம், அதையும் எழுதுங்கள், நான் போன் செய்ததையும் எழுதுங்கள் என்றேன். மாமா மேல் இருந்த பழி நீங்கியது. முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாமா படுக்கையில் கிடந்தபடி என்னை ஒன்றுதான் கேட்டார்: "உனக்குத் தெரியும்ல. நீ ஏன்டா வண்டிய எட்த்தும்போக வுட்ட?" முதலாளி மேல் உள்ள கோபத்தை யாரிடமும் சொல்லிவிடலாம். இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

போன மாதம் அதே முதலாளியின் வேறொரு கார் காற்றடிக்க வந்தது. புது டிரைவர், பின்னால் அதே மாதிரி ஒல்லிச் சக்கரம். நாலு நாளாக இப்படித்தான் ஓடுகிறது என்றார். சாவியை வாங்கி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். டிரைவர் போன் செய்ததும் முதலாளி கத்திக்கொண்டே வந்தார், என் முகத்தைப் பார்த்ததும் அடங்கி, யாருக்கோ போன் போட்டார். அரை மணி நேரத்தில் புது டயர் வந்து இறங்கியது.

அரை மணி நேரம்தான். இன்றைக்கும் மாமாவால் கைத்தடி இல்லாமல் எழுந்து நிற்க முடியாது.