தலைமாட்டில் ஊதா விளக்கு

என் கணவருக்கு வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போனபின், அவரை வீட்டுக்குள் வைக்கவில்லை. புழக்கடையில் வாழைக்கும் முருங்கைக்கும் நடுவே ஒரு தகர ஷெட் இருந்தது. அதில் இரும்புக் கட்டில் போட்டுக் கிடத்தினார்கள். கிடத்தியது என் மகனும் மருமகளும்தான், வேறு யார். கொசு பிடுங்கித் தின்னுமே என்று நான் கேட்டதற்கு மகன், "அதுக்கெல்லாம் இப்ப மெசின் வந்திருக்குதும்மா" என்றான்.

அவர் ஒன்றும் தங்கமான மனிதர் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். போர்வெல் ரிக் வண்டி வைத்திருந்தவர். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் போய்க் குழி போட்டுவிட்டு, காது அடைத்துப் போய் வீடு வருவார். தனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கும்படி கத்துவார். சோறு குழைந்தால் தட்டு பறக்கும். நாற்பது வருடம் என்னைப் 'பன்னாடை' என்றுதான் கூப்பிட்டார். ஆனால் வீடு அவர் கட்டியது. பரமத்தி வேலூர் ரோட்டைப் பார்த்த முன்னறையை, ஓய்ந்தபின் தான் படுத்துக்கொண்டு லாரிகளை வேடிக்கை பார்ப்பதற்கென்றே பெரிய ஜன்னல் வைத்துக் கட்டினார். அந்த அறையில் படுக்க அவருக்கு உரிமை உண்டு. நான் கேட்டது அவ்வளவுதான்.

முடியாது என்றதற்குக் காரணம் அடைப்பு. அவிட்டம், சதயம் என்று சில நட்சத்திரங்கள் இருக்கின்றன. அந்த நாளில் வீட்டுக்குள் உயிர் போனால், போன இடத்தை மாதக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டும். அவிட்டம் என்றால் ஆறு மாதம். சிலர் வீட்டையே பூட்டிவிட்டு வாடகைக்குப் போவார்கள். எங்கள் பேத்திக்குத் தையில் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை வந்து தங்க அந்த முன்னறைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து ஏசி மாட்டியிருந்தார்கள். கிழவன் எந்த நட்சத்திரத்தில் போவான் என்று யாருக்குத் தெரியும்? ஷெட்டில் போனால் ஷெட்டைப் பூட்டிக்கொள்ளலாம்.

"மாமாவுக்கு அங்க காத்தாட இருக்குமுங்க அத்தை" என்றாள் மருமகள். பழைய லாரி டயர்களும் துருப்பிடித்த குழாய்களும் கிடந்த இடம் அது. அப்படிக் காற்றாட வேண்டுமென்றால் அவள் போய்ப் படுத்திருக்கலாம்.

முதலில் கொசுவலைதான் கட்டினோம். நன்றாக இருந்த இடது கையால் அவர் அதைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிட்டார். மறுபடி கட்டினேன், மறுபடி கிழித்தார். வலைக்குள் போட்டால் அவருக்கு மூச்சு முட்டியது போலும். கண் இரண்டும் பிதுங்கிக்கொண்டு வரும். கொசுவத்திச் சுருள் வைத்தால் இருமல். அப்படியாக மெசின் வந்து சேர்ந்தது.

கறுப்புக் கூண்டு. உள்ளே ஊதா நிறத்தில் குழல் விளக்கு, அதைச் சுற்றிக் கம்பி வலை, அடியில் செத்தவை விழ ஒரு தட்டு. வாஷிங் மெசின் போட்டிருந்த இடத்திலிருந்து ஒயர் இழுத்து, ஷெட்டின் முன்கம்பியில், சரியாக அவர் தலைக்கு மேலே மகன் தொங்கவிட்டான். பொழுது இறங்கினதும் ஸ்விட்சைப் போட்டான். அவர் முகம் செத்துப் பல நாள் ஆனவர் முகம் போல் ஊதாவாக மாறியது. முதல் பூச்சி விழுந்தபோது 'சட்'டென்று சத்தமும், முடி கருகிய நாற்றமும் வந்தன. மருமகள் கைதட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. ஒரு மாதமாக என் காலையும் கொசு கடித்து வந்ததே.

காலையில் தட்டை எடுத்துக் கொட்டுவது என் வேலையானது. விட்டில், பச்சைப் பூச்சி, வண்டு, இறக்கை போன தும்பி எல்லாம் கிடக்கும். பக்கத்து வீட்டுக் கோழி என் காலடிச் சத்தம் கேட்டே ஓடிவரும், வறுத்த பூச்சி அதற்கு அவ்வளவு ருசி. கொசுவை மட்டும் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர் நெற்றியிலும் செத்த கையிலும் தடிப்புகள் முன்னைவிட அதிகமாகவே இருந்தன. தட்டை மகனிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இதுல கொசு எங்க சாமி?"

"அது சின்னதும்மா. கருகிச் சாம்பலாப் போயிருக்கும்."

எனக்கு இருக்கிற அறிவை வைத்து ஒன்று புரிந்தது. விளக்கு தோட்டத்துப் பூச்சியை எல்லாம் இவர் தலைமாட்டுக்குக் கூப்பிடுகிறது. கொசுவோ விளக்கைச் சட்டை செய்யவில்லை. மூச்சு விடுகிற மனிதன் அங்கே கிடக்கும்போது அது ஏன் விளக்குக்குப் போகும்? மெசினைக் கழற்றிக் கொல்லைக் கோடியில், வாழைக்கு அப்பால் மாட்டினேன். அன்று கட்டிலில் பூச்சி விழவில்லை. அவரும் முகத்தைச் சுளிக்காமல் தூங்கினார்.

மறுநாளே அது பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மருமகள்தான் மாற்றியிருந்தாள். "மோகனூர்ச் சித்தப்பா ஊட்டுலிருந்து வாராங்க அத்தை. கோடியில மாட்டி வெச்சா அவிங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. அது கொசுவுக்காக எரிந்த விளக்கே இல்லை, சொந்தக்காரர்களுக்காக எரிந்தது. கிழவனைக் கொல்லையில் போட்டுவிட்டார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சொல்ல வாயெடுத்தால் தலைக்கு மேலே ஒரு மெசின் தொங்க வேண்டும். தொங்கியது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் அவரை ஒரு நிமிடம் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, மிச்ச நேரமெல்லாம் மெசினைப் பார்த்தார்கள். பெரிய வண்டு ஒன்று மாட்டிப் படபடவென்று வெடித்தால் குழந்தைகள் மட்டுமில்லை, பெரியவர்களும் "அடேயப்பா" என்றார்கள்.

"ஏனுங்க மாப்ள, இது எங்கீங்க வாங்குனது? எங்க கோழிப் பண்ணைக்கு ஒண்ணு போட்டா ஆவுமுங்களா?" என்று ஒருவர் என் மகனைக் கேட்டார்.

அவன் செல்போனை எடுத்து எந்த மாடல், எத்தனை வாட் என்று காட்டுவான். அவனுக்கு முகமெல்லாம் பெருமை. அந்த மெசினை அவனே கண்டுபிடித்தவன் போல் பேசுவான். கட்டிலில் கிடந்தவர் இடது கையால் முகத்தில் விழுந்ததைத் துடைத்துக்கொண்டிருப்பார். "மாமனுக்கு வெளையாட்டுப் பார்த்தாப்பல இருக்கும், பொழுது போகும்" என்று ஒருத்தி சொன்னாள். அவள் கொண்டுவந்த ஆப்பிளும் வெம்பல்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் மதியம் கொட்டித் தீர்த்துவிட்டுப் பொழுது சாயும்போது வெளிவாங்கியது. அவருக்குக் கஞ்சி காய்ச்ச நான் அடுப்படிக்குப் போயிருந்தேன். மகன் வழக்கம் போல் ஸ்விட்சைப் போட்டுவிட்டு உள்ளே வந்து டிவி முன் உட்கார்ந்தான். கஞ்சியை ஆற்றிக்கொண்டு திரும்பி வந்தால் ஷெட் கண்ணுக்குத் தெரியவில்லை. ஈசல்! தரைக்குள் இருந்த அத்தனையும் கிளம்பி அந்த ஊதா வெளிச்சத்தை மொய்த்திருந்தன. கம்பியில் இடைவிடாமல் பொரிந்தன. தட்டு நிறைந்து வழிந்து, இறக்கை கருகியவை, பாதி வெந்தவை, இன்னும் ஊர்கிறவை என்று எல்லாம் அவர் மேல் கொட்டிக்கொண்டிருந்தன. வாதம் வந்தபின் அவர் வாய் ஒரு பக்கம் திறந்தே இருக்கும். அதற்குள்ளும் போயிருந்தன. இடது கை மேலே மேலே எழும்பிக் காற்றைத் துழாவியது. சத்தம் போட முடியாதவர் அவர். ஊருக்கே கேட்கக் கத்திய மனிதர்.

ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். வாயில் விரலை விட்டு வழித்து எடுத்தேன். அவர் என் விரலைக் கடித்தார். வேண்டுமென்றே கடிக்கவில்லை, பயம். அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"வாடா வெளியில!" என்று போட்ட சத்தத்தில் மகனும் மருமகளும் ஓடிவந்தார்கள். "நாயைக் கூட மழைக்கு உள்ள உடுவாங்க. உங்கப்பனைத் தூக்குடா. முன்னறையில போடு."

"நீ பதறாதம்மா. நாளைக்குத் தட்டைப் பெருசா மாட்டிடறேன்."

"தட்டா? தூக்குடா!"

"சோசியரு என்ன சொன்னாருன்னு தெரியுமில்ல? இந்த மாசம் கண்டம்னு சொல்லியிருக்காரு. தை வரைக்கும் தாண்டட்டும். அப்புறம் நானே தூக்கிட்டு வாரேன்."

கட்டிலின் தலைப்பக்கத்தைப் பிடித்து நானே இழுத்தேன். இரும்புக் கால் சிமெண்டில் கிறீச்சிட்டது. எங்கிருந்து பலம் வந்ததோ, பின்வாசல் படி வரை இழுத்துவிட்டேன். அதற்குமேல் படி ஏற வேண்டும். மருமகள் முந்திக்கொண்டு போய் நிலைப்படியின் இரண்டு பக்கமும் கையை வைத்து நின்றாள். "அத்தை, கையெடுத்துக் கும்புடறேனுங்க, ஒரு கல்யாணம் கெடக்குதுங்க. உங்க பேத்தி இல்லீங்களா?" கும்பிடுகிறேன் என்று சொன்னவள் நிலையிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் தலையைச் சாய்த்து, அவள் இடுப்புக்குப் பக்கத்து இடைவெளி வழியாக வீட்டுக்குள் பார்த்தார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. மகன் கால்மாட்டைப் பிடித்துக் கட்டிலைத் திரும்ப இழுத்துக்கொண்டு போனான். நான் பின்னாலேயே கஞ்சியோடு போனேன். வேறு என்ன செய்ய?

அடுத்த வாரம் காய்ச்சல் அடித்தது. நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டெங்கு என்றார்கள். மகனால் நம்ப முடியவில்லை. "இல்லீங்க டாக்டர், தெனமும் ராத்திரி மெசின் போட்டுத்தான் வெச்சிருக்கறமுங்க."

அந்த டாக்டர் சின்னப் பெண். சலித்துப் போயிருந்தாள். "இந்தக் கொசு பகல்ல கடிக்கறதுங்க" என்றாள். "ஊட்டச் சுத்தி டயரு, தேங்காத் தொட்டி ஏதாச்சும் கெடக்குதுங்களா?"

கிடந்தது. அவர் கட்டிலுக்கு ஓரடி தள்ளி, மழைத்தண்ணீர் நிறைந்த லாரி டயர்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. திரும்பி வந்ததும் போய்க் குனிந்து பார்த்தேன். புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. கொசுவுக்குப் பண்ணை வைத்து வளர்த்து, பகலெல்லாம் அவரைத் தீனியாகப் போட்டுவிட்டு, இருட்டினால் ஊதா விளக்கை ஏற்றிச் சொந்தக்காரர்களுக்குக் காட்டியிருக்கிறோம். அடக்க முடியாமல் சிரித்தேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மருமகள் தன் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

வயசு ஆகிவிட்டது, கொண்டுபோய் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்தார்கள். வீட்டில் என்றால் ஷெட்டில். ஒரு காலையில் நான் முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். கூப்பிட்டதும் மகன் வந்தான். அப்பாவின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தான். அழவில்லை. முதலில் போனை எடுத்துச் சோசியரைக் கூப்பிட்டான். நேரத்தைச் சொல்லிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு முகம் தெளிந்தது.

"அனுஷமாம்மா. அடைப்பே இல்லையாம்." அதற்கப்புறம்தான் அவனுக்கு அழுகை வந்தது. "அப்பா கடைசி வரைக்கும் நமக்கு ஒரு தொந்தரவு குடுக்கலம்மா."

அப்படியென்றால் அவர் முன்னறையிலேயே படுத்துக்கொண்டு, லாரிகளைப் பார்த்துக்கொண்டே போயிருக்கலாம். இப்போதாவது உள்ளே கொண்டுபோங்கள் என்றேன். வெளியே செத்தவரை வீட்டுக்குள் கொண்டுவரும் வழக்கமில்லை என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே ஒடுங்கிய சந்து ஒன்று உண்டு, கழிவுநீர்க் குழாய் போகிற சந்து. அதன் வழியே பக்கவாட்டில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு முன்வாசல் பந்தலுக்குப் போனார்கள். தான் கட்டிய வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார் மனிதர். முழங்கை சுவரில் உரசிக்கொண்டே போனது.

அதைப் பார்த்துக்கொண்டே நான் பின்வாசல் வழியாக உள்ளே போனேன். முன்னறையில் புது மெத்தை பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடந்தது. ஜன்னலைச் சாத்தினேன். ஏசியின் ஸ்விட்சை அணைத்தேன். வெளியே வந்து கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்புறம் போய்ப் பந்தலில் உட்கார்ந்து மற்ற பெண்களோடு மாரடித்து அழுதேன்.

கருமாதி முடிந்த கையோடு மகன் வந்து நின்றான். "அம்மா, முன்னறைச் சாவியக் குடு. மாப்ள ஊட்டுக்காரங்க பார்க்க வாராங்க."

"அடைப்பு சாமி. ஆறு மாசம் தொறக்கக் கூடாது."

"அப்பாவுக்குத்தான் அடைப்பு இல்லைன்னாச்சே!"

"சோசியரு வெக்கல. நான் வெச்சிருக்கேன்."

அவன் கெஞ்சினான், கத்தினான். மருமகள் இந்த முறை நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டாள். பூட்டை உடைக்க மட்டும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. தாய் வாயால் அடைப்பு என்று சொன்ன கதவு அது, கல்யாணத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தையில் மாப்பிள்ளையை லாட்ஜில் தங்க வைத்தார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை. ஒரே ஒரு ஆற்றாமைதான். அவர் உயிரோடு கிடந்தபோது, அந்தக் கதவைத் திறக்க வைக்கிற மாதிரி ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பூட்டி வைக்க மட்டும் கிடைத்தது.