அறுபத்தைந்து உத்தரவுகள்

உத்தரவை வாங்கியதும் அங்கேயே நின்று படித்துவிடுவாள். எழுத்தரின் மேசைக்கு எதிரே, ஈரக்கையைச் சேலையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு, காகிதத்தின் ஓரத்தை மட்டும் பிடித்து, உதடு அசைய, தலைப்பிலிருந்து அடியில் இருக்கும் முத்திரை வரைக்கும் ஒரு வரி விடமாட்டாள். 'முற்றிலும் தற்காலிகமாக, எண்பத்தொன்பது நாட்களுக்கு மட்டும், துப்புரவுப் பணியாளராகப் புதிதாக நியமிக்கப்படுகிறார்.' பதினாறு வருஷமாக இதே வாசகம்தான். தேதி மட்டும் மாறும்.

"என்னக்கா, கதையில ஏதாவது திருப்பம் உண்டா?" என்று பக்கத்து மேசைக்காரர் சீண்டுவார்.

"எங்க சார்! கதாநாயகி இன்னும் புதுசாவே இருக்கா" என்பாள். அந்தப் பிரிவே சிரிக்கும். அவளும் சிரித்துக்கொண்டே காகிதத்தை மடிக்காமல், கசங்காமல், ஒரு பழைய நாட்காட்டி அட்டைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போவாள்.

குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகம் அது. மூன்று மாடி, பதினோரு கழிப்பறை, இரண்டு மாடிப்படி, கீழே தெருவைப் பார்த்த நீளமான வராந்தா. இவ்வளவுக்கும் அவள் ஒருத்தி. தொடர்ந்து தொண்ணூறு நாள் ஒருவரை வேலை வாங்கிவிட்டால் அவர் உரிமை கேட்பார் என்று எந்தப் புண்ணியவானுக்கோ என்றைக்கோ தோன்றியிருக்கிறது. அதனால் எண்பத்தொன்பதாம் நாள் மாலையோடு அவளுடைய வேலை முடிந்துவிடும். தொண்ணூறாம் நாள் அவள் யாரோ. அன்றைக்கு அவளை வெளிக்கதவுக்குள் விடக்கூடாது என்று காவலாளிக்கு எழுத்துமூலமாகவே சொல்லியிருக்கிறார்கள். தினக்கூலிக்கு ஓர் ஆள் வந்து அன்றைய பொழுதைத் தள்ளும். மறுநாள் காலை அவளைப் புதிதாகக் கண்டுபிடித்தது போல மறுபடி நியமிப்பார்கள். அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் 'தொண்ணூறு அக்கா'. நேரிலேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். கோபித்துக்கொள்ள மாட்டாள். "மூணு மாசத்துக்கு ஒருக்கா செத்துப் பொழைக்கிறவ நான். பேரு ஒண்ணுதானா குறைச்சல்?" என்பாள்.

அவள் தெருவில் இருப்பவர்களைவிட அவளுக்கு அந்தக் கட்டடத்தின் குப்பைத் தொட்டிகள் நெருக்கம். கணக்குப் பிரிவில் பென்சில் சீவல், பொறியாளர்கள் அறையில் ஆரஞ்சுத் தோல், தலைமைப் பொறியாளர் அறையில் பாதி தீர்ந்த மாத்திரைப் பட்டைகள். "பெரியவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிப்போச்சு, மாத்திரை மாறியிருக்கு. இன்னைக்குக் கையெழுத்துக்குப் போகாதீங்க" என்று எழுத்தர்களை எச்சரிப்பாள். சொன்னால் சொன்னபடிதான் இருக்கும்.

இன்னொரு விசேஷம், விதிகள். மேசைக்கடியில் துடைக்கும்போது மேலே பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்துவதில்லை. அகவிலைப்படி எத்தனை சதவீதம் ஏறியது, ஈட்டிய விடுப்பு எத்தனை நாளைக் காசாக்கலாம், மருத்துவ அட்டையில் மாமியாரைச் சேர்க்கலாமா கூடாதா என்பதெல்லாம் பதினாறு வருஷம் தலைக்கு மேலே ஓடியதில் அவளுக்கு மனப்பாடம். "சார், அதுக்குச் சுற்றறிக்கை வந்திருக்கு. போன வருஷம், மழைக்கு முன்னாடி. பச்சைக் கோப்புல பாருங்க" என்று குனிந்தபடியே சொல்வாள். அதில் இருக்கும். அவள் சொல்லிக்கொடுத்த சலுகைகளை வாங்கி வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். அவளுக்கு அந்தச் சலுகைகளில் ஒன்றுகூடக் கிடையாது. நிரந்தரப் பணியாளர்களுக்கு மாதம் இரண்டு சோப்பும், ஆண்டுக்கு இரண்டு துண்டும் வரும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஆளாளுக்கு விநியோகிக்கிறவள் அவள்தான். யாராவது மனசு வந்து ஒரு சோப்பை நீட்டினால், "கணக்குல இல்லாத சோப்பு எனக்கு நுரைக்காது சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

இத்தனையும் வேண்டாம் அவளுக்கு. சோப்பு வேண்டாம், துண்டு வேண்டாம், மருத்துவ அட்டைகூட வேண்டாம். ஒன்றே ஒன்று வேண்டும். அது அவள் மகனுக்கு.

மகனுக்கு முப்பத்தொரு வயது. ஆள் வாட்டசாட்டம். பெரிய பொத்தானாக இருந்தால் சட்டையைத் தானே போட்டுக்கொள்வான். சில்லறையைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. வண்டி ஒலி எழுப்பினால் நடுத்தெருவாக இருந்தாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பிறந்ததிலிருந்து அப்படித்தான். அவனுடைய அப்பா இரண்டு வருஷம் பார்த்தார், மூன்றாவது வருஷம் வேறு ஊரில் வேலை கிடைத்ததென்று போனவர் போனவர்தான். பகலில் அவனை அடுத்த வீட்டுத் தையல்காரம்மா பார்த்துக்கொள்கிறாள். கீழே விழும் துணித்துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "அவன் இருக்கறது எனக்குத் துணைதான்" என்று அந்த அம்மாள் சொல்வாள். நல்ல மனசு. ஆனால் அவளுக்கும் வயது அறுபத்தைந்து.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், இறந்துபோன ஓட்டுநர் ஒருவரின் மகளை அவள் சித்தி அலுவலகத்துக்குக் கூட்டிவந்திருந்தாள். நாற்பது வயதுப் பெண், எச்சில் வழிய, சித்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அக்கா விசாரித்தாள். குடும்ப ஓய்வூதியம். அப்பா போய், அம்மாவும் போய்விட்டாலும், தானாகப் பிழைக்க முடியாத பிள்ளைக்கு ஆயுள் முழுக்க மாதாமாதம் வருமாம். வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டுப் போனால் போதுமாம். அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டாள். "நெசமாவா சார்? சாகற வரைக்குமா?" என்று மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டாள். மூன்று பேரும் ஆமாம் என்றார்கள். ஆனால் நிரந்தரப் பணியாளராக இருக்கவேண்டும்.

அன்றிலிருந்து அவள் அதற்காகத்தான் பெருக்கினாள்.

போன வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்தது. பத்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தற்காலிகப் பணியாளர்களை நிரந்தரமாக்க ஒரு குழு, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் கூடும், விண்ணப்பிக்கிறவருக்கு ஐம்பத்தேழு வயது தாண்டியிருக்கக்கூடாது. அக்காவுக்கு ஐம்பத்தாறு. இந்தப் பேருந்தை விட்டால் அடுத்தது கிடையாது. அவள் தலைகால் புரியாமல் ஓடிவந்தாள்.

பணியாளர் பிரிவில் இருந்த எழுத்தர் சின்னப் பெண், வேலைக்கு வந்து இரண்டு வருஷம். அக்காமேல் உயிர். விண்ணப்பத்தைத் தானே நிரப்பிக் கொடுத்தாள். "உங்ககிட்ட என்னென்ன காகிதம் இருக்கோ எல்லாத்தையும் கொண்டாங்கக்கா. ஒண்ணு விடாதீங்க" என்றாள்.

அக்கா சிரித்தாள். கேட்பார்களா கேட்பார்களா என்று பதினாறு வருஷம் காத்திருந்த கேள்வியல்லவா அது! மறுநாள் படுக்கைக்கு அடியிலிருந்து எல்லாவற்றையும் கொண்டுவந்தாள். அறுபத்தைந்து உத்தரவுகள். தேதிவாரியாக, ஒவ்வொன்றும் இஸ்திரி போட்டது போல, ஒன்றில்கூட ஒரு கறையில்லை. கூரை ஒழுகிய மழைக்காலங்களில் மகனைக்கூட ஒரு பக்கம் நனையவிட்டிருக்கிறாள், இவற்றை நனைய விட்டதில்லை. "எழுத்து இருந்தா நாளைக்கு எவனும் இல்லைன்னு சொல்ல முடியாது பாருங்க மேடம்" என்றாள். எழுத்தர் ஆசை ஆசையாக ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டு, முத்திரை வைத்து, நாடா கட்டி அனுப்பினாள்.

அதே குழுவுக்குத் தோட்டக்காரரும் விண்ணப்பித்திருந்தார். அவரும் எண்பத்தொன்பது நாள் ஆள்தான், அக்காவுக்கு மூன்று வருஷம் பின்னால் வந்தவர். அவரிடம் ஒரு காகிதம் கிடையாது. "எலி தின்னுடுச்சுங்க" என்று குழுவின் முன்னால் தலையைச் சொறிந்தார். உண்மையில் பாதிக் காகிதத்தில் அவர் பீடி சுற்றி வைத்திருந்தார். சரி போகட்டும் என்று சம்பளப் பதிவேட்டைப் புரட்டினார்கள். மாதாமாதம் சம்பளம் வாங்கிய கையெழுத்து இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு நாள் சம்பளம் குறைந்திருந்தது. ஏதோ விடுப்பு எடுத்திருப்பார் என்று எழுதிக்கொண்டார்கள். தொடர்ச்சியான பணி. நிரந்தரம்.

அக்காவின் கட்டைப் பிரித்தார்கள். பதிவேட்டைப் பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. எல்லாம்தான் கையில் இருக்கிறதே! ஒவ்வொரு உத்தரவிலும் 'புதிதாக நியமிக்கப்படுகிறார்' என்று இருந்தது. ஓர் உத்தரவு முடிந்த தேதிக்கும் அடுத்தது தொடங்கிய தேதிக்கும் நடுவே ஒரு நாள் காணவில்லை. எண்ணிப் பார்த்தார்கள். அறுபத்துநான்கு முறிவுகள். தொடர்ச்சியாக அவள் வேலை பார்த்தது அதிகபட்சம் எண்பத்தொன்பது நாள்தான் என்று அவளே எழுத்தில் நிரூபித்திருக்கிறாள் என்று குறிப்பு எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

முடிவு வந்த அன்று எழுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "நான்தான்க்கா கெடுத்தேன். எல்லாத்தையும் கொண்டாங்கன்னு நான்தான் சொன்னேன். வெறுங்கையோட போயிருந்தா உங்களுக்கு ஆகியிருக்கும்."

"அந்தக் கட்டைத் திருப்பி வாங்கிட்டு, இல்லாத மாதிரி எழுதிக் கொடுத்தா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள். கணக்கில் இல்லாத சோப்பைத் தொடாதவள் அதைக் கேட்டாள்.

"பக்கத்துக்குப் பக்கம் முத்திரை வெச்சுட்டேனேக்கா."

அக்கா, "அழுவாதீங்க மேடம். நீங்க என்ன, கெடுக்கணும்னா செஞ்சீங்க" என்று சொல்லிவிட்டு இரண்டாவது மாடிக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது பதினோரு கழிப்பறையையும் அன்றைக்கு இரண்டாம் முறை கழுவ ஆரம்பித்தாள். யாரும் தடுக்கவில்லை.

தோட்டக்காரர் இனிப்புப் பொட்டலத்தோடு எல்லா அறைக்கும் போனார். அவள் இருந்த பக்கம் மட்டும் போகவில்லை. அவளே போய், "எனக்கில்லையா? பெரிய ஆளாயிட்டீங்க" என்று கேட்டு ஒரு துண்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். மனுஷன் ஓவென்று அழுதுவிட்டார். அவள்தான் தேற்றவேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் புது உத்தரவு வந்தால் அவள் படிப்பதில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, காகிதத்தை மேசைமேலேயே விட்டுவிட்டுப் போகிறாள். எழுத்தர் அதை எடுத்துத் தன் இழுப்பறையில் வைத்துக்கொள்கிறாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

சென்ற மாதம் அக்கா வந்து தயங்கித் தயங்கி நின்றாள். "மேடம், ஒண்ணு கேக்கவா? அந்தத் தொண்ணூறாம் நாளைக்கு ஒரு ஆளு போடுவீங்களே, தினக்கூலிக்கு. இந்தவாட்டி எம்பையனைப் போடறீங்களா?"

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தாள். "அவரால முடியுமாக்கா?"

"வராந்தா மட்டும் பெருக்கட்டும். மத்ததை மறுநா நான் சேர்த்துப் பண்ணிடறேன். பணம்னு பார்க்கல மேடம். நாலு பேரு அவன் மூஞ்சியைப் பார்த்துப் பழகட்டும். நான் போனப்புறம், அந்த எம்பத்தொம்போது நாளையாவது யாராவது அவனுக்குக் குடுப்பாங்க இல்ல?"

எழுத்தர் அவன் பெயரை எழுதிக்கொண்டாள்.

தொண்ணூறாம் நாள் காலை ஏழு மணிக்கு அக்கா மகனைக் கூட்டிவந்தாள். தலை வாரி, பெரிய பொத்தான் வைத்த சட்டை போட்டுவிட்டிருந்தாள். தெருவில் வண்டி வந்தபோதெல்லாம் அவன் காதுகளைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டே வந்தாள். காவலாளி கதவைத் திறந்து அவனை உள்ளே விட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "அக்கா... உங்களை விட முடியாது" என்றார்.

"தெரியும்பா. நீ உன் வேலையைப் பாரு."

காவலாளியே அவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்து வராந்தாவின் கோடியில் நிறுத்தினார். அவன் துடைப்பத்தைப் பார்த்தான். பிறகு திரும்பி, கம்பி வேலிக்கு வெளியே அம்மாவைத் தேடினான். உதடு பிதுங்கிவிட்டது. "அம்மா, வா" என்றான்.

அவள் உள்ளே போகவில்லை. கண்ணீர் கழுத்து வரை இறங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. அவன் பார்வைக்கு நேராக நடைபாதையில் வந்து நின்று, இடுப்பை வளைத்து, வெறுங்கை இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக மடக்கி, இடமிருந்து வலமாக ஒருமுறை வீசினாள். அவன் அதைப் பார்த்து ஒருமுறை பெருக்கினான். அவள் வேலியோரமாக ஓர் அடி தள்ளிப்போய் மறுபடி காற்றைப் பெருக்கினாள். உள்ளே அவனும் ஓர் அடி தள்ளி வந்தான்.