Z இருக்கும் இடத்தில் Y

விதோசவாவின் பெயர் ஒருநாளும் வானொலியில் வந்ததில்லை. அவள் சொல்லும் ஆற்று நீர்மட்ட எண் மட்டும் பத்தொன்பது வருடமாகத் தினமும் மத்தியானம் வந்துகொண்டிருந்தது. "ஸெலெனிக், நூற்றெண்பத்தேழு, மூன்று குறைவு" என்று வாசித்துவிட்டு, அறிவிப்பாளர் ஆற்றோரத்து அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அந்த நாலு வார்த்தைக்காக ஒருத்தி விடிந்ததும் விடியாததுமாக ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, வழுக்கும் படிகளில் இறங்கி, பாலத்துத் தூணில் அறைந்த அளவுப் பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு வருகிறாள் என்பது திஸா ஆற்றுப் படகுக்காரர்களுக்கே தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

முதலில் அந்த வேலையைப் பார்த்தது அவள் புருஷன் காவ்ரா. அவள் அப்போது சணல் ஆலையில் டைப்பிஸ்ட். ஆலையை இழுத்து மூடினார்கள். அடுத்த குளிர்காலத்தில் காவ்ராவும் போய்ச் சேர்ந்தான். பலகையைப் படிக்க ஆள் வேண்டுமே என்று நகரத்து நீர்வள அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது, நானே படிக்கிறேன் என்று எழுதிப் போட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. தெருவில் நாற்பது வீடு. புகைபோக்கியில் புகை வருவது ஏழில். மற்றவர்கள் வியன்னாவிலும் மியூனிக்கிலும் யாருக்கோ ஓடு போட்டுக்கொண்டும், யாருடைய தாயாரையோ குளிப்பாட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். கோடையில் வந்து புல்லை வெட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

காலை ஏழு மணிக்கு அவள் நகரத்து அலுவலகத்துக்குப் போன் போடுவாள். எடுப்பவர் மோமிர். பத்தொன்பது வருடமும் அவரேதான். நேரில் ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. அவர் இருமல், காப்பியை உறிஞ்சும் சத்தம், கிழக்குக் காற்று அடித்தால் ஏறும் எரிச்சல் எல்லாம் இவளுக்கு அத்துபடி. இவளுடைய இடது முழங்காலையும், பக்கத்து வீட்டுப் பாழ் தோட்டத்திலிருந்து வேலியைத் தாண்டி வரும் சீமைமாதுளையையும் அவருக்குத் தெரியும். எண்ணைச் சொல்ல அரை நிமிஷம். மிச்சம் ஆறு நிமிஷம் பேச்சு. பெருவெள்ளம் வந்த வருடம் தண்ணீர் கடைசிப் படிக்கு ஏறியிருந்த ஒரு காலையில், "நாளைக்குப் பாக்கலாம், திஸா விட்டு வெச்சா" என்று அவள் விளையாட்டாகச் சொல்லப்போக, அதுவே இருவருக்கும் விடைபெறும் வாக்கியமாக ஒட்டிக்கொண்டது. போனை வைத்தபின் மறுநாள் ஏழு மணிவரை அவள் வாய்க்கு வேறு வேலை இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் தபால்காரி இலோன்கா வருவாள்.

அந்த அக்டோபர் செவ்வாயில் இலோன்கா சைக்கிளின் பின்னால் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா இது, இந்தக் கனம் கனக்குது. எவனாச்சும் மாப்பிள்ளையப் பெட்டியில போட்டு அனுப்பிட்டானா?"

"அனுப்பினாலும் அந்த அலுவலகத்துக்காரனுங்க புதுசா அனுப்புவாங்களா? பழசத்தான் தள்ளி விடுவாங்க."

பழசுதான். அலுவலகத்தில் யாரோ அடித்துத் தேய்த்த கம்ப்யூட்டர், ஒரு மோடம், கூடவே கவரில் ஒரு பென் டிரைவ். மோமிர் ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்: இனி எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினால் போதும், நேரே போய்ச் சேர்ந்துவிடும். புது ஏற்பாடு முழுக்க அந்தக் குச்சிக்குள் இருக்கிறது. செருகி, அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினால் தன்னைத்தானே பதிந்துகொள்ளும். "அதுக்கப்புறம் காலங்காத்தால போனுக்காக நீங்க ஓடி வர வேண்டியதில்ல விதாக்கா" என்றார். "நல்லதாப் போச்சு" என்று இவளும் சொன்னாள். சொல்லிவிட்டு அன்றைக்குப் பூராவும் அந்த நல்லதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருந்தது. விதோசவா போன் போட்டாள்.

"குச்சியைச் செருகிட்டீங்களா?"

"செருகிட்டேன் தம்பி. அது பாட்டுக்கு இருக்கு, இது பாட்டுக்கு இருக்கு. ரெண்டும் மொகம் குடுத்துப் பேசிக்கல."

"ஆன் பண்ணின உடனே டிலீட் பட்டனத் தட்டிக்கிட்டே இருங்க. நிறுத்தக் கூடாது. கதவு தட்டுற மாதிரி."

தட்டினாள். மூன்று தடவை தவறவிட்டு நாலாவது தடவை ஒரு நீலத் திரை வந்தது. அதில் எதிலிருந்து முதலில் கிளம்ப வேண்டும் என்றொரு வரிசை. அலுவலகத்துப் பழைய டிஸ்க் மேலே, பென் டிரைவ் கீழே. மோமிர் கையிலிருந்த தாளைப் படித்துப் படித்துச் சொல்ல, இவள் குச்சியை மேலே ஏற்றினாள். மறுபடியும் கறுப்புத் திரை.

"எந்த ஓட்டையில செருகியிருக்கீங்க?"

"முன்னாடி. குனியாம செருகலாமேன்னு."

"பின்னாடி ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுல போடுங்க. முன்னாடி இருக்குறது சமயத்துல செத்துப் போயிருக்கும்."

அதற்குள் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. முழங்கால் வலியோடு மேஜைக்கடியில் குனிந்து கிடந்தவளுக்கு, இவ்வளவு நேரம் ஒரு மனுஷக் குரல் காதோடு இருந்து எத்தனை வருடமாயிற்று என்று மனதில் ஓடியது. பின்னால் செருகியதும் குச்சியில் ஒரு சின்ன விளக்கு சிமிட்டியது. மோமிருக்கு வேறு வேலை வந்துவிட்டது. மிச்சம் நாளைக்கு என்றார்.

புதன்கிழமை குச்சி பேசியது. ஊர்ப் பெயரைத் தட்டச் சொன்னது, தட்டினாள். பிறகு, டிஸ்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று அயல்நாட்டு மொழியில் கேட்டது. சம்மதம் என்றால் Y, இல்லை என்றால் N. அவள் Y-ஐ அழுத்தினாள். திரை அணைந்து, பழையபடி முதலிலிருந்து ஊர்ப் பெயரைக் கேட்டது. ஐந்து தடவை அழுத்தினாள், ஐந்து தடவையும் அதே கதை. அறைக்கோடியில் இருக்கும் கம்ப்யூட்டர்ப் பையன்களைக் கேட்டுவிட்டு வந்த மோமிர், "குச்சி கெட்டுப் போயிருக்கும்கிறாங்க. எதுக்கும் நாளைக்கு ஒருதரம் மொதல்லேர்ந்து பாப்போம்" என்றார்.

அன்று பிற்பகல் அவரைக்காய் சூப்பை அடுப்பில் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்தாள். ஊர்ப் பெயரைத் தட்டினாள். ஸெலெனிக்குக்கு முதல் எழுத்து Z. திரையில் Y விழுந்திருந்தது: யெலெனிக்.

காலையிலேயே விழுந்திருக்க வேண்டும்; எண்ணையும் எழுத்தையும் கண்கொட்டாமல் பார்க்கும் அவள், தன் ஊர்ப் பெயரைப் பார்க்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் சணல் ஆலையின் ஏற்றுமதி அறை ஞாபகம் வந்தது. அங்கே வெளிநாட்டுக் கடிதங்களுக்கென்று ஒரு அயல்நாட்டு டைப்ரைட்டர் இருந்தது. அதில் Z இருக்க வேண்டிய இடத்தில் Y, Y இருக்க வேண்டிய இடத்தில் Z. முதல் மாதம் எத்தனை தாளைக் கசக்கி எறிந்திருப்பாள். இந்தக் கம்ப்யூட்டருக்கும் அதே கோளாறுதான்: முழுசாக விழிக்கும்வரை அதற்கு இந்த ஊர் விசைப்பலகை தெரியாது, அயல்நாட்டுப் பலகைதான் தெரியும். அவள் Y என்று அழுத்தியதை அது Z என்று படித்துக்கொண்டு, இது சம்மதமும் இல்லை மறுப்பும் இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறது. Z-ஐ அழுத்தினால் காரியம் முடிந்தது.

சுட்டுவிரலை Z மேல் வைத்தாள். அழுத்தினால் நாளையிலிருந்து போன் இல்லை. விரலை எடுத்துவிட்டு, எழுந்து போய்ச் சூப்பைக் கிண்டினாள்.

வியாழக்கிழமை அவள் பொய் சொன்னாள். பலகை எண்ணில் ஒரு சென்டிமீட்டர் கூட்டிக் குறைத்துச் சொல்லாதவள், "ஒண்ணும் அசையல தம்பி" என்று வாய் கூசாமல் சொன்னாள். மோமிர் பொறுமையாக டிலீட்டிலிருந்து ஆரம்பித்தார். அவள் எல்லாவற்றையும் செய்வதுபோல் வெறும் மேஜையைத் தட்டினாள். இடையில் சீமைமாதுளை ஜாமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று கேட்டார். அவர் அம்மா வால்நட் போடுவாளாம். பேச்சு ஐம்பது நிமிஷத்தைத் தாண்டியது. விதோசவாவுக்கு அப்படியொரு சந்தோஷம், கூடவே அப்படியொரு வெட்கம்.

கடைசியில் மோமிர் இருமிவிட்டுச் சொன்னார்: "உங்ககிட்ட சொன்னா என்ன. மத்த பதினொரு ஊரும் மாறியாச்சு. உங்க ஒரு போனுக்காகத்தான் என்னை இந்த மேஜையில உக்கார வெச்சிருக்காங்க. நேத்து பையனுங்க மேஜை மேல ஒரு அட்டை எழுதி வெச்சிட்டானுங்க. 'அருங்காட்சியகம், தொடாதீர்'னு."

"எடுத்துக் கிழிச்சுப் போட வேண்டியதுதானே."

"எதுக்கு? சரியாத்தானே எழுதியிருக்கானுங்க." சிரிக்கப் பார்த்தார். "உங்களுது முடிஞ்சா திங்கக்கிழமையிலேர்ந்து கீழ பழைய கோப்பு வைக்கிற ரூமு. ஜன்னல் இருக்கு, கணப்பு இருக்கு. போன் இல்ல. யாரும் சிரிக்க மாட்டாங்க. விதாக்கா சமாளிச்சிருவாங்கன்னு நான் மேலதிகாரிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

அன்றிரவு படுக்கையில் அவளுக்குத் திரும்பத் திரும்ப அந்த அட்டைதான் வந்தது. தன்னுடைய ஆறு நிமிஷத்துக்காக ஒரு மனுஷனைக் காட்சிப்பொருளாக உட்கார்த்தி வைத்திருக்கிறோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

வெள்ளிக்கிழமை நூற்றெண்பத்து மூன்று. எண்ணைச் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல், "தம்பி, Y-க்குப் பதிலா Z-ஐ அழுத்தணும். இது அயல்நாட்டு டைப்ரைட்டர் மாதிரி" என்றாள். சொல்லிக்கொண்டே அழுத்தினாள். குச்சியின் விளக்கு விடாமல் சிமிட்டியது, திரையில் ஒரு கோடு நீண்டுகொண்டே போனது.

"ஓடுதா?"

"ஓடுது."

"Z-ஆ?" மோமிர் போனைக் கையால் பொத்தாமலே அறையைப் பார்த்துக் கத்தினார்: "டேய், கேட்டீங்களாடா, ஸெலெனிக்ல விதாக்கா கண்டுபிடிச்சிட்டாங்க. உங்க படிப்பைத் தூக்கிக் குப்பையில போடுங்கடா." பத்தொன்பது வருடத்தில் அவர் குரலை இப்படி அவள் கேட்டதில்லை. எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"அப்ப சரிக்கா. போய் எழுதிக் குடுத்துட்டு வரேன். நாளைக்குப் பாக்கலாம், திஸா விட்டு வெச்சா" என்று அவசரமாகச் சொல்லி வைத்துவிட்டார். வாய்ப் பழக்கம். நாளைக்கு ஏது என்று அவருக்கு நினைப்பில்லை. அவளும் திருத்தவில்லை.

சனிக்கிழமை படிகளில் மூடுபனி. நூற்றெண்பத்தொன்று. வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றி, எண்ணைத் தட்டினாள். அனுப்பட்டுமா என்று கேட்டது. கற்ற பாடம் மறக்கவில்லை. Z-ஐ அழுத்திவிட்டுக் காப்பி போடப் போனாள். புது ஏற்பாடு பதிந்தபிறகு கம்ப்யூட்டருக்கு இந்த ஊர் விசைப்பலகை வந்துவிட்டது, இப்போது Y என்றால் Y-தான் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

ஏழு இருபதுக்குப் போன் அடித்தது.

அந்தப் போன் தானாக அடித்து அவள் கேட்டது எப்போது என்றே நினைவில்லை. காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது, விட்டுவிட்டு ஓடினாள். இடது முழங்கால் கதவில் இடித்தது. திங்கட்கிழமை வரை அவர் அந்த மேஜையில்தானே இருப்பார்?

"மோமிர் தம்பி?"

"ஸெலெனிக் நிலையமா?" ஒரு சின்னப் பெண்ணின் குரல். "உங்க எண் இன்னும் வரலம்மா."

"அனுப்பிச்சிட்டேனே. மோமிர் இல்லியா?"

"அவர் நேத்தே கீழ போயிட்டாரும்மா. காப்பிப் பாத்திரத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. நீங்க எதை அழுத்தினீங்க?"

"Z."

"Y அழுத்தணும்மா. Y-ன்னு எழுதியிருக்கும் பாருங்க, அதையே அழுத்துங்க."

ரிசீவரின் சுருள் வயர் எட்டும் மட்டும் இழுத்துப்போய் அழுத்தினாள். ஒரு நொடியில் திரையில் 'கிடைத்தது' என்று வந்தது.

"வந்திருச்சும்மா. நூத்தி எம்பத்தொண்ணு. சரிதானே?"

"சரிதான். வெளிய ஒரே மூடுபனி. பலகையே கண்ணுக்குத் தெரியல, ரெண்டு படி கூடவே எறங்கித்தான்..."

"சரிம்மா, வெக்கிறேன்."

"நாளைக்குப் பாக்கலாம், திஸா விட்டு வெச்சா" என்றாள் விதோசவா.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

"நாளைக்குக் கூப்பிட வேண்டியிருக்காதும்மா. Y அழுத்தினீங்கன்னா போதும்."

"சரிம்மா" என்றாள். அன்றைக்கு அவள் பேசிய கடைசி வார்த்தை அது. அப்போது மணி ஏழு இருபத்து நாலு.