மூளைக்குப் போகும் வழியில் ஒரு லென்ஸ்

கான்டாக்ட் லென்ஸ் போட்டால் அது என்றைக்காவது கண்ணுக்குள் வழுக்கி, பின்பக்கமாகப் போய், மூளையில் ஒட்டிக்கொள்ளும் என்று நான் நம்பினேன். யாராவது ஒரு சாதாரண மடையன் இப்படி நம்பினால் மன்னித்துவிடலாம். நான் அறிவியல் வாத்தியார். வருஷம் தவறாமல் கரும்பலகையில் கண்ணின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைகிறவன். கார்னியா, விழித்திரை என்று ஒவ்வொன்றுக்கும் கோடு இழுத்துப் பெயர் எழுதி, பார்வை நரம்பைப் பலகையின் ஓரம்வரை நீட்டி, அது முடிகிற இடத்தில் ‘மூளைக்கு’ என்று ஓர் அம்புக்குறி போடுவேன். அந்த அம்புக்குறிதான் வினை. பஸ்ஸில் ‘செங்கோட்டை’ என்று போர்டைப் பார்த்ததும் ஏறிக்கொள்கிறவனைப் போல, லென்ஸும் அதைப் படித்துவிட்டு ஏறிவிடும் என்று என் அறிவியல் மூளை முடிவுகட்டியிருந்தது.

இவ்வளவு பயந்தவன் லென்ஸ் வாங்கப் போனது பார்வைக்காக அல்ல, மானத்துக்காக.

சீசன் ஆரம்பித்தால் கூடப் படித்தவர்கள் சிலர் சேர்ந்து குற்றாலத்தில் ஒரு குளியல் போடுவது எங்கள் வழக்கம். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு வயிற்றைத் தவிர வேறெதிலும் முன்னேற்றம் காணாத கூட்டம். அருவிக்குப் போகுமுன் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் சுருட்டி வைத்துவிடுவேன். அதன் பிறகு எனக்குக் குற்றாலம் என்பது இரைச்சல் போடுகிற ஒரு வெள்ளை வேட்டி, அவ்வளவுதான். முன்னால் போகிறவன் தோளைப் பிடித்துக்கொண்டு போவேன். போன சீசனில் பிடித்த தோள் யாருடையதோ. எண்ணெய்த் தோள், வழுக்கிக்கொண்டு போய்விட்டது. நான் வெள்ளை வேட்டியைக் குறிவைத்து நடந்தேன். மெயின் அருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். விசில் கேட்டது. அடுத்து போலீஸ் மைக் கேட்டது.

“ஏ, பச்சைக் கோடு டிராயர் அண்ணாச்சி! அங்கன எங்க போறீய? அது பொம்பளையாளு பக்கம்! திரும்புங்க, திரும்புங்க!”

இப்படி ஒரு ஜென்மமா என்று அருவருப்போடு அந்த ஆளை நானும் தேடினேன். நாலாபக்கமும் தலையைத் திருப்பித் தேடினேன். பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆகி வந்த நண்பன் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போகும்போதுதான், என் டிராயரில் பச்சைக் கோடு இருப்பது நினைவுக்கு வந்தது.

அன்றிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எனக்குப் பெயர் பச்சைக்கோடு. பொங்கல் வாழ்த்துகூட அந்தப் பெயருக்குத்தான் வந்தது.

ஆகவே இந்த சீசனுக்கு முன்னால், தென்காசியில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போய் லென்ஸ் கேட்டேன். லென்ஸ் போடப் பழக்கிவிட வந்த பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “வணக்கம் சார், நான் உங்க ஸ்டூடண்ட்” என்றாள். அத்தோடு என் கதை முடிந்தது. லென்ஸ் மூளைக்குப் போகுமா என்று கேட்கத்தான் வீட்டிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அம்புக்குறிப் படத்தை என்னிடமே நோட்டில் வரைந்து டிக் வாங்கியவளிடம் அதைக் கேட்பதற்கு, மூளையில் லென்ஸோடு செத்துப்போகலாம்.

அவள் வெகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். கையைக் கழுவு, துடை, லென்ஸை விரல் நுனியில் கிண்ணம்போல் நிறுத்து, உள்பக்கம் வெளியே திரும்பியிருந்தால் விளிம்பு தட்டுபோல் விரியும், அப்படிப் போட்டால் உறுத்தும், எடுத்துத் திருப்பிப் போடு.

“இன்னொண்ணு சார். இதைப் போட்டுக்கிட்டு குளிக்கக் கூடாது. குத்தாலம் பக்கம் போனா கழத்தி வச்சிருங்க. தண்ணி பட்டா இன்ஃபெக்ஷன் ஆயிரும்.”

நான் தலையை ஆட்டினேன். என் வகுப்பில் கடைசி பெஞ்ச் எனக்கு எப்படி ஆட்டுமோ அப்படி ஆட்டினேன்.

வீட்டில் பயிற்சி நடந்தது. கண்ணை இரண்டு விரலால் விரித்துக்கொண்டு, வாயையும் கூடவே பிளந்துகொண்டு கண்ணாடி முன் நிற்பேன். வாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாது. ஆனால் வாயை மூடினால் கண்ணும் மூடிக்கொண்டது. விரல் நெருங்க நெருங்க, பட்டுவிடக்கூடாதே என்று என் தலை பின்னாலேயே போய்ச் சுவரில் முட்டும்.

“என்னங்க, லென்ஸு கண்ணுக்கா, வாய்க்கா?” என்பாள் மனைவி. “கோட்டி பிடிச்ச மாதிரி நிக்கீய. அந்தக் கண்ணாடிக்கு என்ன கேடு? கட்டுனதுலேருந்து அதோடதான பாக்குதேன், நான் ஏதாச்சும் சொன்னனா?”

“நீ சொல்லலை. போலீஸு சொன்னான்.”

குளியல் நாள் காலையில் கார் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. ஓட்டிவந்தவன் ஆலங்குளத்தில் சிமெண்ட் கடை வைத்திருக்கிற நண்பன். அவனுக்கு ஹாரன் அடிப்பதென்றால் மூச்சு விடுவதுபோல. ஒரு கண்ணை விரித்து லென்ஸை ஒட்டினேன். மிளகாய் பட்டதுபோல் எரிந்தது. அழுதேன். ஹாரன். எடுத்தேன், திருப்பினேன், மறுபடியும் விரித்தேன், ஒட்டினேன், மறுபடியும் அழுதேன். ஹாரன். வாயைப் பிளந்தது இரண்டு தடவை, அழுதது இரண்டு தடவை. வேலை முடிந்தது. டப்பாவை மூடிவிட்டு ஓடினேன். ஏறும்போது கார் லேசாகச் சாய்ந்து நிற்பதுபோலத் தெரிந்தது. புது லென்ஸ், பழகிவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

“ஏலே, பச்சைக்கோட்டுக்குக் கண்ணாடியைக் காணோம்!” என்றான் சிமெண்ட்.

“லென்ஸுலே,” என்றேன் அலட்சியமாக. பிறந்ததிலிருந்தே போட்டிருப்பவனைப்போலச் சொன்னேன்.

முதலில் லாட்ஜ் அறையில் எண்ணெய்த் தேய்ப்பு. தேய்க்கிறவர் ஒரு கிண்ணம் எண்ணெயை என் உச்சியில் கவிழ்த்து, தேங்காயை உரிப்பதுபோலத் தலையை உருட்டினார். பிறகு வரிசையாக அருவிக்கு நடந்தோம். அங்கே பெரிதாக ஒரு போர்டு இருந்தது. இத்தனை வருஷமும் அதை அருவியின் வரலாறு என்று நினைத்து மரியாதையாகக் கடந்து போயிருக்கிறேன். முதல்முறையாகப் படித்தேன். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று எழுதியிருந்தது. காதோரம் எண்ணெய் வடிய அதை முழுக்கப் படித்தேன்.

அருவியையும் முதல்முறையாகப் பார்த்தேன். கண் தெரியாதவரை குற்றாலம் கம்பீரமாக இருந்தது. இப்போது பாறையிடுக்கில் ஷாம்பு பாக்கெட்டுகள் தெரிந்தன. ஒற்றைச் செருப்பு தெரிந்தது. கூட வந்தவர்களின் உடம்புகள் தெரிந்தன. இந்தத் தோள்களையா இத்தனை வருஷம் நம்பிப் பிடித்தேன் என்றிருந்தது. ஆனாலும் ஒன்றை மறைக்கக்கூடாது. தண்ணீர் மேலே பாறையில் முட்டி, பிய்ந்து, தனித்தனிச் சிதறலாக வந்து விழுவதைப் பார்த்தபோது வாயைப் பிளந்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். வேட்டி இல்லை அது.

மைக் போலீஸ்காரருக்கு நேர் எதிரே போய், ஆண்கள் பக்கம் எது என்று நானே கையைக் காட்டிவிட்டு உள்ளே நுழைந்தேன். அவருக்கு என்னை ஞாபகமில்லை. அது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

தண்ணீர் தலையில் இறங்கியதும், உச்சியிலிருந்த எண்ணெயெல்லாம் வழிந்து இடது கண்ணுக்குள் போனது. இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு வெளியே வந்தேன். வலது கண்ணைத் திறந்து பார்த்தேன்.

வெள்ளை வேட்டி.

மனிதர்கள் இல்லை, பாறை இல்லை, போலீஸ் இல்லை. வலது கண்ணில் லென்ஸ் இல்லை என்பது புரிந்தது. அது எங்கே போயிருக்கும் என்பதும் உடனே புரிந்தது. கரும்பலகையும் அம்புக்குறியும் கண் முன்னால் வந்து நின்றன. அது மட்டும் துல்லியமாகத் தெரிந்தது.

“எலே, உள்ள போயிருச்சுலே! என் கண்ணு போச்சு!”

“எது உள்ள போயிருச்சு?” என்று பட்டாளம் ஓடிவந்தான்.

“லென்ஸு! பின்னாடி போயிருச்சு! மூளைக்குப் போயிட்டிருக்கு!”

இதற்குச் சிரித்திருந்தால் அவன் நண்பன். அவன் முகம் இறுகிப்போனது. “அசையாத. குனி. தலையைத் தொங்கப் போடு. முன்னால வந்திரும்.”

துண்டோடு தலைகீழாகக் குனிந்து நின்றேன். பட்டாளம் என் பிடரியில் தட்டினான். சிமெண்ட் கீழே உட்கார்ந்து மொபைல் டார்ச்சை என் கண்ணுக்குள் அடித்து, “ஒண்ணும் தெரியலையே, ஆழமாப் போயிருச்சோ?” என்றான். குளிக்க வந்த கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. மைக் அலறியது: “அங்கன குனிஞ்சு நிக்க அண்ணாச்சி, பாதையை மறைக்காதீய!”

அத்தனை பேர் முன்னிலையில் நான் என் வலது கண்ணுக்குள் விரலை விட்டுத் தோண்டினேன். மேல் இமைக்குள், கீழ் இமைக்குள், மூக்கோரம். ஏதோ வழுவழுவென்று பட்டது. பிடித்து இழுத்தேன். வலியில் உயிர் போய் வந்தது. அது என் கண்.

காரில் தென்காசிக்குத் திரும்பும்போது கண் சிவந்து, திறக்க முடியாமல் நீர் கொட்டியது. லென்ஸ் போகிற வழியை மனதுக்குள் கணக்குப் பார்த்தபடியே வந்தேன். மேலகரம் வரும்போது காதுக்குப் பின்னால் ஏதோ குறுகுறுத்தது. யானைப்பாலத்தில் பின்மண்டை கனத்தது. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் கண் பாடத்தை எப்படி நடத்துவது என்று நினைத்தபோது உண்மையாகவே அழுகை வந்தது. சிமெண்ட் ஹாரன் அடிக்காமல் ஓட்டினான். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

கண் டாக்டரம்மா மஞ்சள் சொட்டு விட்டு, நீல விளக்கு வைத்து, இமையைப் புரட்டிப் பார்த்தார்.

“வலது கண்ணுல லென்ஸ் இல்லை.”

“அப்போ பின்னாடி போயிருச்சா டாக்டர்?”

“பின்னாடி வழியே கிடையாது. கண்ணை மூடியிருக்கிற மெல்லிய தோல் அப்படியே மடங்கி இமையோடு ஒட்டியிருக்கு. பை மாதிரி. போனாலும் அங்கேயே நின்னுடும்.” பிறகு நிமிர்ந்து, “நீங்க என்ன வேலை பாக்கிறீங்க?” என்றார்.

“விவசாயம்,” என்றேன்.

“சயின்ஸ் வாத்தியார் மேடம்,” என்றான் வாசலில் நின்ற பட்டாளம்.

டாக்டரம்மா சீட்டில் எழுதியிருந்த ‘விவசாயம்’ என்பதை அடித்துவிட்டு ‘ஆசிரியர்’ என்று எழுதினார். திட்டியிருக்கலாம். கருவிழியில் கீறல் இருக்கிறது, நகம் பட்ட கீறல் என்றார். இடது கண்ணிலிருந்த லென்ஸை எடுத்து ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார். எண்ணெயும் அருவித் தண்ணீரும் பட்டதை இனிமேல் போடக்கூடாது என்று எச்சரித்தார். வலது லென்ஸ் தண்ணீரோடு போயிருக்கும் என்றும் சொட்டு மருந்தை ஒழுங்காக விடும்படியும் சொல்லி, கண்ணில் கட்டுப்போட்டு அனுப்பிவைத்தார்.

“சிற்றாத்துல போயிருக்கும்லே,” என்றான் சிமெண்ட், உயிர் வந்தவனாக ஹாரனை அமுக்கிக்கொண்டே. “இந்நேரம் தாமிரபரணியில சேந்திருக்கும். ஏதாச்சும் மீனு போட்டுக்கிட்டு நல்லாப் பாக்கும்.”

வீட்டில் கட்டுப்போட்ட கண்ணோடு உட்கார்ந்து, தண்ணீரின் வேகம், லென்ஸ் எப்படிப் பிய்த்துக்கொண்டு போனது என்பதையெல்லாம் கொஞ்சம் கூட்டியே மனைவிக்குச் சொன்னேன். அவள் ‘உச்’ கொட்டியபடி குப்பியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கண்ணுக்கொரு மூடி போட்ட, இனி தேவைப்படாத அந்த லென்ஸ் டப்பாவைக் கழுவி வைக்க எடுத்தவள், அப்படியே திரும்பி வந்தாள்.

“ஏங்க, வலது பக்கம் ஒண்ணு மெதக்குதே. இது யாருக்குள்ளது?”

காலையில் நான் அந்த வலது மூடியைத் திறக்கவே இல்லை. இரண்டு தடவையும் அதே லென்ஸை இடது கண்ணில்தான் போட்டிருந்தேன்.