ஹெட்லைட்டின் அடியில் இருந்த ஓட்டை

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சவரிமுத்துவின் வேன் என் கடை முன்னால் வந்து நின்றது. அவன் இறங்கிய வேகத்திலேயே, வண்டிக்கான தகுதிச் சான்றான எஃப்.சி. கிடைக்கவில்லை என்று தெரிந்துவிட்டது.

"பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிட்டாருண்ணே. இடது ஹெட்லைட்டுக்குள்ள ஒரே தண்ணி. 'உள்ள மீன் வளக்கிறியா?'ன்னு கேக்குறாரு. மூணு மணிக்குள்ள சரி பண்ணி விருதுநகர் வந்தா பாப்பாராம். இல்லேன்னா அடுத்த வாரந்தான்."

அடுத்த வாரம் அவனுக்கு ஆகாது. திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஏற்றிவர அவனைப் பேசியிருந்தார்கள். திங்கட்கிழமை எஃப்.சி. பேப்பரோடு வந்தால் அவன் வண்டி, இல்லையென்றால் வேறு வண்டி என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். எம்.ரெட்டியபட்டியில் இருந்த பருத்திக் காட்டை விற்று வாங்கிய வேன் அது. கல்யாண முகூர்த்தம் இல்லாத மாதங்களில் சும்மாதான் நிற்கும்.

இது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. அருப்புக்கோட்டையில் பந்தல்குடி ரோட்டோரம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை போட்டு எனக்குப் பத்து வருஷம் ஆகியிருந்தது. கைராசிக்காரன் என்று பேர். அந்தப் பேரால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. எங்கள் பக்கம் மழை குறைவு, புழுதிக்குப் பஞ்சமில்லை. அது லைட்டுக்குள் போனால் ரிஃப்ளெக்டர் மங்கிவிடும். அப்போது வந்த புது மாடல் ஹெட்லைட்டுகளின் அடியில் பென்சில் முனை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. கம்பெனிக்காரனுக்கு நம்மூர்ப் புழுதியைப் பற்றி என்ன தெரியும் என்று நானே முடிவுகட்டி, கடைக்கு வந்த வண்டிகளில் எல்லாம் அதை ஒட்டும் பேஸ்ட் வைத்து அடைத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் செய்து, பெருமையாகச் சொல்லியும் அனுப்புவேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் சவரிமுத்துவின் லைட்டுக்குள் ஆவி படிந்தது. கழற்றித் துடைத்து இன்னும் கெட்டியாக அடைத்தேன். நாலே நாளில் கண்ணாடிக்குள் முத்து முத்தாகத் தண்ணீர். மறுபடியும் துடைத்து அடைத்தேன். இது மூன்றாம் தடவை.

"பேஸ்ட்ட எடுத்துட்டு வாரேன். இந்தத் தடவ சுத்தியும் பூசிருவோம்" என்றேன்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீகளே?"

"கேளு."

"வலது லைட்டு நல்லாத்தான இருக்கு. அதுல நீங்க கையே வைக்கலையே?"

சுருக்கென்றது. "ஏலே, வேலையப் பாக்க விடு" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் கால் தானாக வலது பக்கம் போனது. கல் பட்டு உடைந்ததால் போன மாதம்தான் மதுரையில் புதிதாக மாட்டியிருந்தான். குனிந்து பார்த்தேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அடியில் ஓட்டை திறந்திருந்தது. அதே மழை, அதே ரோடு, வித்தியாசம் அந்த ஓட்டை ஒன்றுதான்.

இடது லைட்டைக் கழற்றினேன். பின்பக்க ரப்பர் மூடியில் ஒரு வெடிப்பு. ஈரக்காற்று அதன் வழியாக உள்ளே போயிருக்கிறது. பல்பு எரிந்து சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாக வெளியேறத்தான் அடியில் வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழியை நான் அடைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால் பேஸ்டைச் சுரண்டி எடுத்தேன். பல்பையும் மூடியையும் கழற்றி, லைட்டை வேன் கூரைமேல் சாக்கை விரித்து வெயிலில் வைத்தேன். எங்கள் ஊர் வெயிலை நான் திட்டாத நாளில்லை. அன்று கும்பிட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் உள்ளே ஒரு சொட்டு இல்லை. புது மூடி போட்டு, லைட்டை மாட்டி எரியவிட்டோம். கண்ணாடியில் லேசாக ஆவி படிந்தது. இருவரும் வண்டி முன்னால் குத்தவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிஷத்தில் ஓரத்திலிருந்து விலகத் தொடங்கி முழுசாக மறைந்தது.

"போயிருச்சுண்ணே!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"சவரி, ஒன் லைட்டக் கெடுத்தது மழையில்லலே. நாந்தேன்."

திட்டுவான் என்று நினைத்தேன். சாவியைப் போட்டுக்கொண்டே, "சரி, அப்ப நீங்க அடைச்ச மத்த வண்டியெல்லாம்?" என்று கேட்டுவிட்டு விருதுநகருக்கு விரட்டினான்.

வெளியே சொன்னால் பேர் கெடும், சொல்லாவிட்டால் யாராவது மங்கல் லைட்டோடு எதிலாவது போய் மோதுவார்கள். சனிக்கிழமை காலை கடை வாசலில் ஒரு போர்டு வைத்தேன்: 'இங்கே ஹெட்லைட் ஓட்டையை அடைத்துக்கொண்டு போனவர்கள் வரவும். தவறு என்னுடையது. திறந்து தரப்படும்.'

"அடைச்சதும் நீரு, தொறக்குறதும் நீரா?" என்று பாளையம்பட்டி டாக்சிக்காரர் ஒருவர் கேட்டதில் தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். வந்தவர்களில் ஒருவர்கூட அடுத்த வேலைக்கு வேறு கடை தேடவில்லை. எதற்கென்று தெரியாத ஓட்டையை அதற்குப் பிறகு நான் அடைத்ததில்லை.

திங்கட்கிழமை மாலை பள்ளிக்கூட போர்டு மாட்டிய வேன் ஒன்று, உள்ளே பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, கடை முன்னால் வேகத்தைக் குறைத்தது. சுள்ளென்று அடிக்கும் வெயிலில் சவரிமுத்து இரண்டு ஹெட்லைட்டையும் போட்டுக் காட்டிவிட்டுப் போனான்.